பச்சை அணைந்தபோது

பேய், ஜின் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறவள் நான். பத்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது, ஆனாலும் இதையெல்லாம் ஒரு நாளும் நம்பியதில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். நீங்கள் சிரித்தாலும் சரி என்றுதான் எழுதுகிறேன்.

என் தம்பி சாதிக் குற்றாலத்தில் கடை வைத்திருக்கிறான். வானம் பார்ப்பதில் பைத்தியம். அங்கே மலையில் மேகம் விலகாது என்று, தொலைநோக்கியை எங்கள் ஊரான குத்துக்கல்வலசையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் வைத்திருந்தான். அந்த மாதம் விடிவதற்கு முன் கிழக்கே ஒரு வால்வெள்ளி தெரிந்தது. தொலைநோக்கியைத் திருகிப் பக்கத்து நட்சத்திரத்தைக் கலங்கலாக்கி, அதை வால்வெள்ளி அளவுக்குப் பெரிதாக்கி, எது பிரகாசம் என்று சொல்ல வேண்டும். ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழக்கூடாது, விழுந்தால் மனசு அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்பான். அதற்காக இரண்டாவது ஆளாக என்னைச் சேர்த்துக்கொண்டான். புடவை முந்தானையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்ப்பேன்.

கீழே என் கணவர் படுத்திருப்பார். சவுதியிலிருந்து இருதயக் கோளாறோடு திரும்பி ஆபரேஷனுக்குக் காத்திருந்தார். படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொன்னதால் மாடிக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. இரவெல்லாம் அவர் மூச்சைக் கேட்டபடிதான் படுத்திருப்பேன்.

அன்று சாதிக் ஒளியைப் பிரித்துக் காட்டும் வில்லையை மாட்டினான். நட்சத்திரம் வானவில் நாடாவாக நீண்டது, வால்வெள்ளி பச்சைத் திட்டாக நின்றது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பச்சை கூடியது, மங்கியது, மறுபடி கூடியது. நட்சத்திரத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நான் சொன்னதும் சாதிக் குனிந்து பார்த்தான்.

"அப்படியேதான இருக்கு. ராத்திரி பூரா மச்சான் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தா கண்ணு இப்படித்தான் செய்யும் லாத்தா."

மறுபடி பார்த்தேன். அந்த ஏற்ற இறக்கம் எனக்குப் பழக்கமானதாக இருந்தது. அவர் மூச்சு. அது புரிந்ததுமே பச்சை அணைந்தது. நட்சத்திர நாடா மட்டும் இருந்தது. காத்திருந்தேன், வரவில்லை.

எப்படிப் படி இறங்கினேன் என்று தெரியாது. அவர் மூச்சில்லாமல் கிடந்தார். பின்னால் ஓடிவந்த சாதிக் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தான். பள்ளிவாசலில் பாங்கு தொடங்கும்போது பெரிதாக ஒரு மூச்சு வந்தது. அப்புறம் ஆஸ்பத்திரி, ஆபரேஷன். பிழைத்துக்கொண்டார். எல்லாம் தற்செயல் என்றே நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த அன்று கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்.

"ஏட்டி, முந்தானையால ஒரு கண்ணப் பொத்திக்கிட்டு என்னையே பாத்துக்கிட்டு நின்னியே, ஏன் கிட்ட வரல?"

"எங்கன நின்னேன்?"

"கீழ. ரொம்பக் கீழ."

இப்போது நன்றாக இருக்கிறார். ஆனால் நம்புங்கள், ஊசியில் நூல் கோர்க்க நான் ஒரு கண்ணை மூடினால் பேசிக்கொண்டிருப்பவர் அப்படியே நின்றுவிடுகிறார். நான் கண்ணைத் திறக்கிற வரைக்கும் அவருக்கு மூச்சு வருவதில்லை.