ஒண்டும் நடக்காத நாள் ஒண்டு வேணுமாம்

இண்டைக்குக் காலமை கடையைத் திறந்து சாம்பிராணி கூடக் காட்டேல்லை...

என்ரை கடை தெரியும்தானே? புத்தூர்ச் சந்திக்குக் கிட்ட. போட்டோகொப்பி, போனுக்கு ரீலோட், லமினேட்டிங். (ஃபேன் இருக்கு. சுத்தாது!)

வாசலிலை ஒரு கரும்பலகை வைச்சிருக்கிறன். ஒவ்வொரு நாளும் இன்ரநெற்றிலை பார்த்து 'வரலாற்றில் இன்று' எழுதுவன். எந்த ராசா முடிசூடினவன், எந்தக் கப்பல் கடலுக்குள்ளை தாண்டது, எங்கை பூமி நடுங்கினது எண்டு.

ரியூசனுக்குப் போற பிள்ளையள் நிண்டு வாசிக்குங்கள். எனக்குப் பெருமை தாங்காது! (என்ரை மனிசி சொல்லுறா, உந்த நேரத்துக்குக் கடையைக் கூட்டலாமாம்.)

சாம்பிராணி காட்ட முன்னமே பவளக்கா வந்தா. எங்கடை ஒழுங்கையிலைதான் வீடு. வழமையா ரீலோட் போட்டிட்டு, "உலகத்துச் செத்தவீடெல்லாம் உன்ரை வாசலிலைதான் தம்பி" எண்டு பகிடி விட்டிட்டுப் போவா.

இண்டைக்குப் பகிடி இல்லை. பலகையை முழுக்க வாசிச்சா.

"தம்பி, உனக்கு எல்லா நாளும் தெரியும்தானே?"

"நெற்றுக்குத் தெரியும் அக்கா! என்ன நாள் வேணும்?"

"நிசாந்தனுக்குத் திவசம் குடுக்க ஒரு நாள் வேணும்."

எனக்குச் சிரிப்பு நிண்டிட்டுது.

தெரியாத ஆக்களுக்குச் சொல்லுறன். நிசாந்தன் அவவின்ரை ஒரே பெடியன். கடைசிச் சண்டை முடிஞ்ச நேரம் வன்னியிலை, "விசாரிச்சிட்டு விடுறம்" எண்டு ஆமிக்காரர் பஸ்சிலை ஏத்திக்கொண்டு போனவை. அக்காவின்ரை கண்ணுக்கு முன்னாலை.

அதோடை சரி.

அவன்ரை படத்தைப் பிடிச்சுக்கொண்டு அவ நிக்காத ரோட்டு இல்லை. பிள்ளை இருக்கிறான் எண்டுதான் இவ்வளவு காலமும் சொன்னவ. திவசம் எண்ட சொல்லை ஆரும் அவவுக்கு முன்னாலை எடுக்கேலாது!

"ஏனக்கா இப்ப?"

"நிசாந்தன்ரை அப்பாவுக்கு ஏலாது தம்பி. நெஞ்சிலை ஒப்பரேசன் செய்யோணுமாம். அதுக்கு முன்னம் பிள்ளைக்கு ஒருக்கா எள்ளும் தண்ணியும் இறைக்கோணும், தனக்குப் பிறகு ஆர் செய்யிறது எண்டு ஒரே அழுகை. நேற்று நானும் ஓம், செய்வம் எண்டிட்டன்."

அந்த ஓம் சொல்ல அவ என்ன பாடு பட்டிருப்பா!

ரெண்டு பேருமா ஐயரிட்டைப் போயிருக்கினம். திதி பார்க்க அவர் கேட்டது, "எண்டைக்கு மோசம் போனவர்?"

அது ஆருக்குத் தெரியும்?

"ஐயர் நல்ல மனிசன் தம்பி. செத்த நாள் தெரியாட்டில் கடைசியாக் கண்ட நாளை வைச்சுச் செய்யலாம் எண்டவர்."

"பிறகென்ன அக்கா, அந்த நாளுக்கு நான் பஞ்சாங்கத்திலை திதி பார்த்துத் தாறனே?"

"அண்டைக்கு அவன் என்ரை கையாலை பிஸ்கட் வாங்கித் திண்டவன். பஸ்சுக்குள்ளை இருந்து கை காட்டினவன். உயிரோடை பார்த்த நாளிலை எப்பிடியடா திவசம் குடுக்கிறது?"

நானும் விடேல்லை. (எனக்குத்தான் எல்லாம் தெரியுமே!)

"அப்ப ஒரு அமாவாசையைப் பார்ப்பம்."

"அது எல்லாருக்கும் பொது. அவனுக்கெண்டு ஒரு நாள் வேணும். உன்ரை உந்த வரலாற்றிலை ஒண்டும் நடக்காத நாள் ஒண்டு தேடித் தா தம்பி. ஒருத்தரும் சாகாத நாள். சனத்துக்குள்ளை அவனைத் தேடித் தேடி நான் களைச்சுப்போனன். அண்டைக்காவது அவன் தனிய இருக்கட்டும்."

ஒப்பரேசனுக்கு முன்னம் வாற மாதிரி ஒரு நாளாப் பார்க்கச் சொன்னா. நாளைக்குப் பின்னேரம் வாறன் எண்டிட்டுப் போட்டா.

அதுக்குப் பிறகு எனக்கு வேலை ஓடேல்லை. போனை எடுத்துக்கொண்டு குந்தினன்.

ஒரு நாளிலை விமானம் விழுந்திருக்கு. அடுத்த நாளிலை சுரங்கம் இடிஞ்சிருக்கு. அதுக்கடுத்த நாள் எங்கையோ ஒரு ஊரை எரிச்சிருக்கினம். இதைத்தான் நான் கலர் சோக்காலை பூப் போட்டு எழுதிக்கொண்டு இருந்தனான்!

மத்தியானம் ஒரு நாள் ஆப்பிட்டுது. ஏதோ பாலம் திறந்ததாம், ஒரு பாட்டுக்காரன் பிறந்ததாம். சாவு ஒண்டும் இல்லை. எனக்குச் சந்தோசம் பிடிபடேல்லை! உடனை மனிசிக்குக் கோல் எடுத்து நாளைச் சொன்னன்.

அவ சொன்னா:

"அண்டைக்குத்தானேப்பா எங்கடை அண்ணை செல்குண்டு பட்டுச் செத்தது."

நெற்றிலை அது இல்லை. ஆர் போடப்போகினம்?

பலகையை அழிச்சுப்போட்டன். நாளைக்கு எழுதவும் மனமில்லை.

அக்கா நாளைக்குப் பின்னேரம் வருவா. அதுதான் உங்களைக் கேக்கிறன். உங்கடை வீட்டிலை, உங்கடை ஊரிலை ஒண்டும் நடக்காத நாள் ஒண்டு தெரிஞ்சால் கீழை கொமெண்டிலை எழுதிவிடுங்கோ.

ஒராள் ஒரு நாளைச் சொல்ல, இன்னொராள் வந்து "அண்டைக்குத்தான் எங்கடை..." எண்டு எழுதாத நாள் ஒண்டு கிடைச்சால், அதை நிசாந்தனுக்குக் குடுப்பம்.