எட்டு அங்குலக் கண்ணாடி

லென்ஸைச் சோதிக்கச் செய்தித்தாளின் முழுப் பக்கத்தைச் சுவரில் ஒட்டிப் படம்பிடித்து, கழுவிய கண்ணாடிப் பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, அதன் இடது கீழ்மூலையைப் பூதக்கண்ணாடியால் வாசித்துக்கொண்டிருக்கிறார் பங்கிராஸ். “கடலை எண்ணெய்... மணங்கு... இந்தா, எழுத்து கலங்குது பாருங்க சார்.” உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த மூலைக்குப் போகிறார். பக்கத்தின் நடுவே எந்த மந்திரி என்ன பேசினார் என்று அவருக்குத் தெரியாது. நாட்டு நடப்பு அவருக்கு மூலைகள் வழியாகத்தான் வந்து சேரும்: எண்ணெய் விலை, ரயில் நேரம், மணமகள் தேவை.

குளத்தூர் பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே ஓட்டுக் கட்டடத்தில் அவருடைய ஸ்டூடியோ. முன்னறையில் தொழில், பின்னறையில் அவரும் மகள் அடைக்கலமேரியும். அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கேமராவின் கறுப்புத் துணிக்குள் குனிந்து குனிந்து முதுகு அப்படியே நின்றுவிட்டது. மருந்தில் ஊறிய விரல்நுனிகள் வெற்றிலைக் காம்பு நிறத்தில் இருக்கின்றன. பேசும்போதும் ஒரு கண்ணைச் சற்றே மூடிக்கொள்வார்; புதிதாக வருகிறவர்கள் தங்களைச் சந்தேகப்படுகிறார் என்று நினைப்பார்கள்.

கல்யாண கோஷ்டியைப் படமெடுக்க நிறுத்தினால் ஓரத்தில் எவரையும் விடமாட்டார். “ஓரத்து ஆளு உள்ள வாங்க. இன்னும் உள்ள. மாப்புள மேல சாஞ்சாலும் தப்பில்ல, வாங்க.” பங்கிராஸ் எடுத்த படத்தில் ஒருவனுக்கும் தோள் இருக்காது என்று குளத்தூரில் கேலி பேசுவார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

ஆட்களைப் பிடிப்பது பிழைப்பு. அவர் மனசுக்குப் பிடித்தது வெளியைப் பிடிப்பது. ஞாயிற்றுக்கிழமை ஆவூர்க் கோயிலில் பூசை முடிந்ததும் சைக்கிளில் மரப்பெட்டிக் கேமராவைக் கட்டிக்கொண்டு நார்த்தாமலைப் பக்கம் போய்விடுவார். வெறும் பாறை, கண்மாய், கரையில் பனைமரங்கள். காலண்டர் போடுகிற ஒருவர் எப்போதாவது ஒன்று வாங்குவார். மற்றவை ஸ்டூடியோச் சுவரில் மங்கிக்கொண்டிருக்கின்றன.

போன கார்த்திகையில் திருச்சியிலிருந்து ரத்தினவேல் என்ற வியாபாரி ஒரு பெட்டி நிறைய லென்ஸ்களோடு வந்தார். நானும் அன்று இருந்தேன். மூவரும் கண்மாய்க்கரைக்குப் போனோம். பங்கிராஸ் ஸ்டாண்டை ஊன்றி, ஒவ்வொன்றாக மாட்டி, என்னையும் துணிக்குள் தலையை விடச் சொன்னார். பின்பக்கக் கண்ணாடியில் மலை தலைகீழாகத் தொங்கியது.

“இது அஞ்சு அங்குலம். எல்லாத்தையும் அள்ளிக்கிட்டு வரும். ஆனா மலை என்னாச்சு பாருங்க, கரையான் புத்தாட்டம். இது பன்னெண்டு. மலை மொகத்துல வந்து இடிக்கும், கம்மாயக் காணோம். எட்டுதான் சார் இந்தப் பெட்டிக்கு அளவு. நாம இங்கிட்டு நின்னு பாத்தா எப்புடியோ, அப்புடி.”

எட்டு அங்குலத்தில் ரத்தினவேலிடம் இரண்டு இருந்தன. ஒன்று வெளிச்சம் புகும் பெரிய வாயும் பளபளப்புமாகப் புதியது. மற்றது சிறிய வாய், விளிம்பில் கறுப்புப் பூச்சு உதிர்ந்தது. இரண்டிலும் பிளேட்டு எடுத்து, ஸ்டூடியோவுக்குத் திரும்பி, கழுவிப் பார்த்தார். புதியதில் நடு மலை கத்திபோலக் கூர்மையாக இருந்தது. ஓரத்துப் பனை மட்டும் பஞ்சாகக் கலைந்திருந்தது. பழையதில் அந்தப் பனையின் ஓலைகளைத் தனித்தனியாக எண்ணலாம்.

“புதுசு இருட்டுலகூட எடுக்கும்ணே,” என்றார் ரத்தினவேல்.

“மலை எங்க தம்பி ஓடப்போகுது? பகல்ல, வாயைச் சுருக்கி வச்சு நிதானமா எடுத்துக்குறேன்.”

“சரிண்ணே, ஆனா மூலைய யாருண்ணே பாக்கப்போறா?”

பங்கிராஸ் பழைய லென்ஸைத் துணியில் சுற்றிக்கொண்டே சொன்னார்: “மூலையிலயும் ஆளு நிப்பாங்க தம்பி.”

ரத்தினவேல் பஸ் ஏறிப் போனபிறகு அவர் என்னிடம் சொன்னது இது.

மனைவி சந்தனமேரியை அவர் கட்டும்போது வேறொருவர் ஸ்டூடியோவில் உதவியாள். கல்யாணத்துக்குப் படம் எடுக்க வசதியில்லை. பிறகு சொந்தமாகக் கேமரா வந்தது. “என்னையும் ஒண்ணு எடுங்களேன்” என்று அவள் கேட்கும்போதெல்லாம், “நம்ம வீட்டுப் பெட்டிதானே, எங்க போயிரப்போகுது” என்பாராம். ஒரு நாள் இதே கண்மாயைக் காலண்டருக்காக எடுத்துக்கொண்டிருந்தார். ஐந்து அங்குலக் கண்ணாடி. காற்றில் மரங்கள் ஆடின. படம் சீக்கிரம் விழட்டும் என்று லென்ஸின் வாயை முழுக்கத் திறந்துவைத்தார். கஞ்சித் தூக்கோடு வந்த சந்தனமேரி, அவர் துணிக்குள் இருப்பதைக் கண்டு, குறுக்கே வரக்கூடாதென்று தூரத்தில் கரையோரமாக ஒதுங்கி நின்றிருக்கிறாள். அந்த மூலையும் படத்தில் விழுமென்று அவளுக்குத் தெரியாது. பிளேட்டைக் கழுவிய அன்றுதான், மூலையில் அவள் கலங்கிய ஒரு புள்ளியாக விழுந்திருப்பது அவருக்கும் தெரிந்தது.

“பாத்துட்டுச் சிரிச்சேன் சார். ‘படத்தைக் கெடுத்துட்டியேடி’ன்னேன். அவளும் சிரிச்சா.”

அந்த ஐப்பசி மழையில் வந்த காய்ச்சலில் சந்தனமேரி போய்விட்டாள். அடைக்கலமேரிக்கு அப்போது நடை பழகும் வயது. சுற்றுப்பட்டுச் சாவு வீடுகளுக்கெல்லாம் பெட்டியோடு போய்ப் பிணத்தை உட்காரவைத்துப் படமெடுத்தவர் அன்று பெட்டியைத் திறக்கவில்லை. “எல்லாரும் எடுக்கச் சொன்னாங்க. கண்ணு மூடுன மொகத்தையா சார் வச்சுக்கிறது?”

அம்மா எப்படி இருப்பாள் என்று மகள் கேட்கும்போதெல்லாம், படம் எதுவும் இல்லை என்றே சொல்லி வளர்த்திருக்கிறார். புகைப்படக்காரன் பெண்சாதிக்கு இருக்கிற ஒரே படம் அழுக்குப் புள்ளி என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

இந்தத் தை மாதம் அடைக்கலமேரிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை கறம்பக்குடியில் வாத்தியார். கோயிலில் கல்யாண ஓலை வாசித்த மறுவாரம் அவள் கேட்டாள்: “அங்க போயி எங்கம்மான்னு காட்ட எங்கிட்ட என்னப்பா இருக்கு?” அன்றைக்குத்தான் அவர் அந்தப் பிளேட்டைப் பற்றிச் சொன்னார். அவள் அழவில்லையாம், கோபப்படவும் இல்லையாம். “இருக்குறதக் குடுங்கப்பா,” என்று மட்டும் சொன்னாளாம்.

ரத்தினவேலிடம் வாங்கிய அந்தப் பழைய எட்டு அங்குலத்தை வைத்து அந்த மூலையைப் பெரிதாக்கினார். “பிளேட்டுல இல்லாததை எந்தக் கண்ணாடியும் கொண்டாராது சார். எனக்குத் தெரியாதா? ஆனாலும் போட்டுப் பாத்தேன்.” நாலைந்து தாள்கள் வீணாயின. கடைசியாக ஒன்றைக் காயவைத்து அட்டையில் ஒட்டினார்.

அதை அவர் மகள் கையில் கொடுத்த காலையில் நான் ஸ்டூடியோவில் இருந்தேன். அடைக்கலமேரி கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். முகத்துக்கு அருகே பிடித்துப் பார்த்தாள். சாம்பல் நிறத்தில் புள்ளிகள்; புள்ளிகளுக்கு நடுவே கொஞ்சம் வெளுப்பு.

“இது தலையாப்பா?”

“ஆமா. முக்காடு போட்டிருந்தா.”

“மூக்கு, வாயி ஒண்ணும் தெரியலையே.”

அவள் படத்தை ஸ்டூலின்மேல் சுவரில் சாய்த்து வைத்தாள். காலை ஓர் எட்டுப் பின்னால் எடுத்து வைத்தாள். இன்னும் ஓர் எட்டு. தள்ளிப்போகப் போகப் புள்ளிகள் ஒன்றோடொன்று கூடின. வெளுப்பு ஒரு முகம்போல ஆகியது. தலையை ஒருபக்கம் சாய்த்து, ஒரு கையில் எதையோ தூக்கிக்கொண்டு ஒரு பெண் நிற்பது எனக்கும் தெரிந்தது. அடைக்கலமேரி படத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் பின்னாலேயே நடந்து வாசல்வரை போய்விட்டாள். இரட்டைக் கதவில் ஒன்று சாத்தியிருந்தது. முதுகு அதில் இடித்து நின்றாள்.

பங்கிராஸ் எழுந்து போய், மேல் தாழ்ப்பாளை இறக்கி, அந்தக் கதவையும் அவளுக்குப் பின்னால் திறந்துவிட்டார்.