மறைத்து வைத்த இரண்டாவது பாலிசி

நான் திருவொற்றியூர்வாசி. போன வருஷம் என் கணவருக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை நடந்தது. அவருடைய கம்பெனி எடுத்துத் தந்த மருத்துவக் காப்பீடு ஒன்று, நான் தனியாக எங்கள் குடும்பத்துக்கு எடுத்த பாலிசி ஒன்று என எங்களிடம் இரண்டு இருந்தன. இரண்டையும் காட்டினால் ஏமாற்று வேலை என்று நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, என் பாலிசியைப் பற்றி மருத்துவமனையில் நான் மூச்சுவிடவில்லை.

கம்பெனி காப்பீடு அதன் வரம்பு வரைதான் கொடுத்தது. மீதிக்கு மகளின் கல்லூரிப் பணத்தை எடுத்துக் கட்டினேன். அசல் பில்களும் கம்பெனி காப்பீட்டுக்காரர்களிடமே போய்விட்டன.

கணவரைப் பார்க்க வந்த அவருடைய கூட்டாளிக்கு எங்கள் இரண்டு பாலிசியும் தெரியும். அவர் கேட்டார்: "இன்னா அண்ணி, இன்னொரு பாலிசி கீதுல்ல, அதுல போடலியா?"

"ரெண்டுலயும் கேட்டா தப்பில்லையாண்ணே?"

"ஒரே செலவ ரெண்டு தபா வாங்குனாதான் தப்பு. இங்க வராத மீதிய அங்க கேக்கலாம்."

நம்புவதா வேண்டாமா என்று தெரியாமலே என் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்தேன். முதல் பாலிசியில் எவ்வளவு கிடைத்தது என்ற கடிதமும், மருத்துவமனை முத்திரை போட்ட பில் நகல்களும் போதும் என்றார்கள். ஆனால் அவற்றைக் கொடுக்க வேண்டிய கெடு முடிய நான்கே நாள்! ஓடியாடிக் கொடுத்தேன். மீதி கிடைத்தது.

சமீபத்தில் மகளுக்கு டெங்கு வந்தபோது, மருத்துவமனையில் சேர்க்கும்போதே இரண்டு பாலிசியையும் சொல்லிவிட்டேன். எதை முதலில் போடுவது என்பதில் எனக்கு இன்னும் குழப்பம்தான். ஆனால் இப்போது பயந்து மறைப்பதில்லை, வாய்விட்டுக் கேட்டுவிடுகிறேன்.