அம்மா சொன்ன தேதி

எங்கள் பக்கம் முகூர்த்த நாள் குறிக்குமுன் பெண்ணுக்கு மாதாமாதம் எந்தத் தேதி என்று கேட்டுக்கொள்வார்கள். தாலி கட்டும் நாள் தீட்டு நாளாகிவிடக் கூடாதல்லவா. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணின் அம்மாவை அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் காதோடு காதாகக் கேட்பார். நியாயமான கேள்விதான். என்னிடம்தான் பதில் கிடையாது.

எனக்கு அது வருவது அதன் இஷ்டம். மூன்று மாதம் எட்டிப் பார்க்காது; வந்தால் பன்னிரண்டு நாள் போகாது. தென்காசியில் ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா பிசிஓஎஸ் என்றார். ஊர் வாயில் நீர்க்கட்டி. கட்டி என்றதும் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பயப்படுகிற கட்டி இல்லை, முட்டை முழுதாக வளராமல் பாதியில் நின்றுவிடுகிறது, அதுதான் ஸ்கேனில் தெரிகிறது என்று அவர் விளக்கினார். ஹார்மோன் கோளாறு. அடியோடு போகாது, கட்டுக்குள் வைக்கலாம். பிள்ளை பெற மருந்து தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம். நடை, சாப்பாடு, மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார். தாடையில் முளைக்கும் முடிக்கு பியூட்டி பார்லர் என்பதை நானே கண்டுபிடித்துக்கொண்டேன்.

அம்மா அவரிடம் கேட்டது ஒன்றுதான். "வெளிய தெரியாதுல்லா?"

முதல் வரன் வாசுதேவநல்லூரிலிருந்து வந்தது. மாப்பிள்ளைக்கு போலீஸ் வேலை. சாரல் காலமாதலால் ஐந்தருவியில் குளித்துவிட்டு எல்லாரும் ஈரத்தலையோடு பெண் பார்க்க வந்தார்கள். நான் காபி ஆற்றிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் மாப்பிள்ளையின் அம்மாவிடம் அம்மா கூசாமல் சொன்னாள். "பதினெட்டு, மைனி. தேதி தவறாது." அதை வைத்து அடுத்த மாதம் ஐந்தாம் தேதி பேசி முடித்தார்கள்.

அவர்கள் போனதும் ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டேன்.

"கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிரும்ட்டி."

"ஆகாதும்மா. டாக்டர் சொன்னாங்கல்லா?"

"நீ சும்மா இரி. எவ இதப் போயி சொல்லிக்கிட்டுத் திரியுதா?"

நான் சொன்னேன். மறுநாளே மாப்பிள்ளைக்கு போன் செய்து, டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மூன்றாம் நாள், ஜாதகத்தில் ஏதோ தோஷமாம் என்று தகவல் வந்தது. எட்டுப் பொருத்தம் இருந்த ஜாதகம் அது.

அம்மா ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சோற்றை மட்டும் மூடி வைத்துவிட்டுப் போவாள். அந்த மாப்பிள்ளை போனதில் எனக்கு வருத்தம் இல்லை. இரண்டு முறை பேசிய ஆளுக்காக எவ்வளவு வருத்தப்பட முடியும்? என் உடம்பை என் வீட்டிலேயே ஒளித்துவைக்க வேண்டியிருந்ததுதான் வலித்தது.

அடுத்த தடவை டாக்டரிடம் போனபோது, "எவ கண்ணு பட்டுச்சோ, இப்படி ஆயிட்டு" என்றாள் அம்மா. கண்ணும் இல்லை ஒன்றும் இல்லை, சில குடும்பங்களில் அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்றார் அவர். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா மருந்துச் சீட்டை எடுத்து மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஆறு மாதம் கழித்து வடகரையிலிருந்து ஒரு வரன். அந்த அம்மாவும் அடுப்படிக்கு வந்து அதே கேள்வியைக் கேட்டார். நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா முந்திக்கொண்டாள்.

"அவளுக்குத் தேதின்னு ஒண்ணு கெடையாது, மைனி. மாத்திர எடுக்குதா. எனக்கும் அப்படித்தான். எங்கம்மா ஏதோ ஒரு தேதியச் சொல்லித்தான் நாள் குறிச்சாங்க. மணவறையில இருக்கும்போதே வந்துட்டு. எந்திரிக்கவும் முடியல, ஒருத்தர்ட்டயும் சொல்லவும் முடியல. அப்படியே தாலிய வாங்கிக்கிட்டேன்."

அவள் குரலைத் தாழ்த்தவே இல்லை. கூடத்தில் பேசிக்கொண்டிருந்த அப்பா பாதியில் நிறுத்தினார். முப்பது வருடமாக அவருக்கும் அது தெரியாது.