அருளப்பு அண்ணை அளந்த கோட்டை

வேலையிடத்தில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்த நேரம் அருளப்பு அண்ணையின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "மாமா, அப்பா காலமை போயிட்டார். உங்களுக்குச் சொல்லவேணும்போல இருந்தது. வாறதும் வராததும் உங்கட விருப்பம்." அவள் அப்படிச் சொன்னதில் பிழையில்லை. நாலு வருடமாக நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

ஒஸ்லோவில் அவர் என்னோடு ரயில் பெட்டிகள் கழுவியவர். ஊரில் நில அளவைப் படம் வரைபவர். ஒல்லாந்தர் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டையின் ஐந்து மூலைகளையும் அகழியையும் இளவயதில் தானே அளந்து வரைந்திருந்தார். இடம்பெயர்ந்த இடமெல்லாம் அந்தத் தாள்களைச் சுமந்து, கடைசியில் ஒஸ்லோவின் புறநகரான ட்வெய்ட்டாவில் ஒன்பதாம் மாடிக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மனைவியின் நகைகள்கூட அப்படி வந்து சேரவில்லை.

ஒரு கோடையில் என்னை ஃபிரெட்ரிக்ஸ்தாட்டுக்குக் கூட்டிப்போனார். சுவீடன் எல்லையைக் காக்க நோர்வேயில் கட்டிய கோட்டை நகரம் அது. மண்மதிலில் ஏறியதும் அவர் முகம் மாறிவிட்டது.

"பார் தம்பி, இதுவும் ஒல்லாந்தன்ர முறைதான். அதே மூலை, அதே அகழி. இஞ்சையும் ஆமி இருந்ததுதான். அதுக்காக இவங்கள் மதிலைப் பிடுங்கேல்லை."

ஆமி விட்டுப்போன எங்கள் கோட்டையிலிருந்து பங்கர் கட்ட நானும் கல் சுமந்தவன் என்று அங்கேதான் அவரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. "குண்டு விழேக்க உயிர்தான் பெரிசு. ஆனா செய்ததைச் செய்தமெண்டு சொல்லவேணும்" என்றார்.

சமாதானப் பேச்சு நடந்த காலத்தில், அந்தப் படங்களைக் காட்டும்படி ஒஸ்லோத் தமிழர் கூடிய ஒரு மண்டபத்துக்கு அவரை அழைத்தார்கள். "சண்டையில உடைஞ்சது பாதி. மிச்சத்தைக் கல்லுக் கல்லாய்ப் பிரிச்சது நாங்கள்" என்றார். முன்வரிசையில் ஒருவர் எழும்பினார். "எங்களைக் கொன்ற ஆமி இருந்த கோட்டைக்கு ஒப்பாரி வைக்கிறியோ? இறங்கு கீழ!"

அண்ணை என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீ அங்கை நிண்டனி. சொல்லு."

நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன். அது அவிழ்ந்திருக்கவில்லை.

அதன்பின் கோயிலில் அவர் உட்காரும் வாங்கில் வேறு எவரும் உட்காரவில்லை. நான் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டேன். ஒருமுறை ட்வெய்ட்டாக் கடைத்தொகுதியில் எதிர்ப்பட்டார். "மற்றவங்களில எனக்குக் கோபமில்லை. உன்னிலதான். நீ தெரிஞ்சுகொண்டு குனிஞ்சனி" என்று சொல்லிவிட்டு நடந்தார். அதுவே அவர் என்னோடு கடைசியாகக் கதைத்தது.

அடக்கத்துக்குப் போனேன். அன்று மேடையை விட்டு இறங்கச் சொன்ன அதே மனிதர், "நம் மரபைக் காத்த பெருமகன்" என்று இரங்கலுரை வாசித்தார். மகள் எழுந்து வெளியே போய்விட்டாள். நான் அப்போதும் எழவில்லை.

ஆகவே இங்கே எழுதுகிறேன், அந்த மண்டபத்தில் இருந்த உங்களுக்கும் சேர்த்து. அவர் சொன்னது உண்மை. கல் சுமந்தவர்களில் நானும் ஒருவன். உங்களிலும் சிலர் உண்டு.

படங்கள் மகளிடம் இருக்கின்றன. அவற்றைக் கேட்கும் தகுதி எனக்கில்லை. அவருடையதென்று என்னிடம் மிஞ்சியிருப்பது என்மீது அவர் கொண்ட கோபம் மட்டுமே. அது ஆறாமல் இருக்கட்டும்.