கோழித் தராசும் அரைஞாண் கயிறும்

என் தம்பி நடக்கத் தொடங்கிய பிறகும் அவன் இடுப்பில் அரைஞாண் கயிறு நிற்காது. அம்மா கட்டிவிடுவாள், அவன் நாலடி வைப்பதற்குள் நழுவி முழங்காலில் கிடக்கும். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். அம்மா சிரிக்க மாட்டாள். அவிழ்த்து இன்னும் இறுக்கி முடிச்சுப் போடுவாள்.

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப் பண்ணையில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை. பண்ணைக்குள்ளேயே ஓர் அறை கொடுத்திருந்தார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் முட்டைதான். ஒடசல் முட்டையை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பதால் எங்கள் வீட்டில் முட்டை இல்லாத குழம்பே கிடையாது. தம்பிக்கு மட்டும் அது ஆகாது. முதல் பிறந்தநாளில் அரை முட்டை ஊட்டியதும் அவனுக்கு வயிற்றால் போயிற்று. மாந்தம் என்றார்கள் பக்கத்து அறைக்காரர்கள். பெற்றவளுக்கு இதுகூடவா தெரியாது என்றும் கேட்டார்கள். அன்றோடு அம்மா பயந்துபோனாள். அதன்பிறகு அவனுக்கு ரசஞ்சோறு. வேலை நேரத்தில் சிணுங்கினால் டீயில் நனைத்த வர்க்கி. அதைச் சப்பிக்கொண்டு கிடந்த இடத்திலேயே கிடப்பான். "எம்பட பையன் அழுவவே மாட்டானுங்க" என்று அம்மா பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். அழுவதற்குத் தெம்பு வேண்டும் என்பது அவளுக்குத் தெரியவில்லை, பாவம்.

என் தாய்மாமா அதே பண்ணையில் தீவனம் கலப்பவர். வாயைத் திறந்தால் கேலிதான். அங்கே அவ்வப்போது சில கோழிகளைப் பிடித்துத் தொங்கு தராசில் எடை பார்ப்பார்கள். அப்படி ஒருநாள் மாமா தம்பியைத் துண்டில் தூளிபோல் கட்டித் தராசுக் கொக்கியில் மாட்டிவிட்டார். ஊஞ்சல் என்று நினைத்துத் தம்பி கெக்கெக்கே என்று சிரித்தான். முள்ளைப் பார்த்த மாமா சிரிக்கவில்லை.

கையிலிருந்த முட்டை அட்டையை அப்படியே போட்டுவிட்டு அம்மா ஓடிவந்தாள். "ஏன்டா, எம்பட புள்ளய விக்கறதுக்கா நிறுக்கற? கண்ணு பட்டா ஆருடா பொறுப்பு?"

"கோவிச்சுக்காதக்கா. எடை கொறஞ்சா நாங்க கோழியக் குத்தஞ் சொல்றதில்ல. தீவனத்தத்தான் மாத்துவோம்."

அம்மா மாமாவின் முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள். தம்பியைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். "இத்தன முட்டைக்கு நடுவால..." என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அட்டை முட்டைகள் உடைந்துபோன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பூசாரியிடம் மந்திரித்த கறுப்புக் கயிறு வாங்கிவந்து தம்பிக்குக் கட்டினாள். பண்ணை முழுக்கக் காட்டினாள். காட்டாத ஒன்றும் அறைக்குள் நடந்தது. டீயும் வர்க்கியும் நின்றன. வெந்த மஞ்சள் கருவில் சுண்டுவிரல் நுனியளவு எடுத்துப் பருப்புச் சோற்றில் பிசைந்து ஊட்டினாள். ஊட்டிவிட்டு அவன் வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒன்றும் ஆகவில்லை என்றதும் கொஞ்சம் கூட்டினாள். வாய்க்கு ஒரு கதை சொல்லி ஊட்டியதில் வேலைக்குத் தாமதமாகி, சூப்பர்வைசரிடம் திட்டும் வாங்கினாள்.

பொங்கலுக்குள் அந்தக் கயிறு இறுகிப்போய் இடுப்புச் சதையில் தடம் பதித்துவிட்டது. அம்மா அதை அவிழ்த்துவிட்டுத் தடத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். அப்போதுதான் மாமா வந்தார்.

"பாத்தியாக்கா, பூசாரி கயித்துக்கு என்ன சக்தின்னு!" என்றார். குரலில் கேலியே இல்லை.

இவ்வளவு விவரமான மாமாவுக்கு இது தெரியவில்லையே என்று எனக்குத் தாங்கவில்லை. "கயிறில்லீங்க மாமா, முட்ட! அம்மா தெனமும்..."

மாமா என் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். "கயிறுதான், சாமி" என்றார்.

உண்மையைச் சொன்னதற்கா கிள்ளு என்று நான் ஓவென்று அழுதேன். அம்மா புதுக் கயிற்றைச் சற்றுத் தளர்வாகக் கட்டி முடித்துவிட்டு, என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு தானும் அழுதாள். அவளை யார் கிள்ளினார்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.