ஆற்றங்கரைக்காரியும் மூன்று டப்பா ரசமும்

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. போன மாதம் எனக்குப் பொறாமை வந்தது. எதிர்வீட்டுப் புது காரைப் பார்த்து வந்திருந்தால்கூட மன்னிக்கலாம். வந்ததோ, இருநூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு காகிதப் பெண்ணைப் பார்த்து.

மகளின் ஸ்கூல் ப்ராஜெக்டுக்காக மியூசியம் போயிருந்தோம். ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள். அதில் ஒருத்தி ஆற்றங்கரை மேடையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கையில் விசிறி — அதையும் வீசவில்லை, சும்மா பிடித்திருக்கிறாள். ஒரு கால் தண்ணீரில். ராத்திரிக்கு என்ன சமைப்பது என்ற கேள்வியே இல்லாத முகம்... எனக்கு அப்படி ஒரு முகம் இருந்து இருபது வருஷமாகிறது.

"அம்மா, ஷி வொர்க்ஸ் தேர். ரீட் த லேபிள்" என்றாள் மகள்.

படித்தேன். டீக்கடைப் பணிப்பெண்ணாம். வருகிறவர்கள் கண்ணுக்கு அழகாக உட்கார்ந்திருப்பதும் வேலையில் சேர்த்தியாம். பாவம் என்றா தோன்றியது? உட்காருவதே வேலையா என்று வயிறு இன்னும் எரிந்தது. பொறாமை எந்த லேபிளையும் பாதிதான் படிக்கும்.

அடுத்த ஞாயிறு குடும்பக் காலண்டரில் மூன்றிலிருந்து ஐந்துவரை எனக்கென்று பிளாக் செய்தேன். "என்ன மீட்டிங் இது, நானும் ஜாயின் பண்ணணுமா?" என்றார் கணவர்.

அமெரிக்காவில், ஃப்ரீமான்ட்டில் இருக்கும் என் வீட்டு வாசலில் ஆறு கிடையாது. பிளாஸ்டிக் டப்பில் தண்ணீர் நிரப்பிக் காலை விட்டுக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்தேன். பத்து நிமிஷம்... சொர்க்கம்.

எதிர்வீட்டு சுதா ஓடி வந்தாள்.

"என்னக்கா, கால் வீங்கியிருக்கா?"

"இல்ல சுதா. சும்மா உக்காந்திருக்கேன்."

"சும்மாவா?" என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"நிஜமாவே சும்மாதான்."

"சொல்ல வேணாம்னா விடுங்கக்கா. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

சொல்லவில்லைதான். எழுதினாள். எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வழக்கம் — யாருக்காவது முடியவில்லை என்றால், யார் வீட்டிலிருந்து என்றைக்குச் சாப்பாடு என்று பட்டியல் போட்டுவிடுவார்கள். நாலு மணிக்குள் மூன்று டப்பா மிளகு ரசம் வந்துவிட்டது. கூடவே ஏழு பேர். எல்லோருக்கும் டீ போட்டது யார் என்று நினைக்கிறீர்கள்?

ஹால் சோபாவில் என் கணவர் காலையிலிருந்து அதே சாய்வில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். வந்த ஏழு பேரும் அவரைத் தாண்டித்தான் உள்ளே வந்தார்கள். ஒருத்தராவது நெற்றியைத் தொட வேண்டுமே! ஆண் சும்மா இருந்தால் வீக்கெண்ட். பெண் சும்மா இருந்தால் வியாதி. என் பொறாமை அந்த நிமிஷமே காகிதத்திலிருந்து சோபாவுக்கு மாறியது.

டப்பாவைக் காலியாகத் திருப்பித் தருவது எங்கள் பக்கம் மகா பாவம். அடுத்த சனிக்கிழமை முழுக்க மைசூர் பாகு கிளறினேன்.

சுதாவின் டப்பாவைக் கொடுக்கும்போது, ஆற்றங்கரைக்காரியில் ஆரம்பித்து முழுக் கதையையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள்:

"அடுத்த தடவ மடியில ஒரு லேப்டாப்ப வச்சுக்கிட்டு உக்காருங்கக்கா. யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."